ஆனைமலைக் குடமுழுக்கும் ஆண்டுக் கணக்கும்

(போடிமெட்டில் நிகழ்ந்த குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இறைவன் புகழை எடுத்தோதுதற்கு என்னினும் தகுதி மிக்கார் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். எனக்கு இடப்பட்ட பணி வேறு. இத்திருக்கோயிலில் நாட்டப்பெறும் குடமுழுக்குக் கல்லில் எந்த ஆண்டைப் பொறிப்பது என்று திருப்பணிக் குழுவில் ஒரு வினா எழுந்ததாம். 'விசுவாவசு வருடம், தை மாதம்' என்றால் போதும் என்றார் ஒரு பெரியவர். மலைமேலிருந்து வந்த அன்பர் ஒருவர், 'கொல்லம் 1201, மகரம்' என்று இருக்கட்டும் என்றார். '2026 என்றால் எல்லார்க்கும் விளங்குமே' என்றார் ஓர் இளைஞர். மூவரும் கூறியது ஒரே ஆண்டைத்தான். ஆயினும் மூவர்க்குள்ளும் வழக்கு முற்றிவிட்டது. அதனைத் தீர்க்க வருமாறு என்னை அழைத்துள்ளனர். தீர்ப்பு உரைக்கும் உரிமை எனக்கில்லை. சான்று சொல்லிப் போகிறேன்.

இவ்வழக்கு எழுதற்கு இம்மலையினும் பொருத்தமான இடம் பிறிதில்லை. போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் போடிமெட்டு. இங்கிருந்து நாலடி கிழக்கே நின்றால் தமிழ்நாடு. நாலடி மேற்கே நின்றால் கேரளம். கீழிருந்து விடியலில் புறப்பட்டு மேலே காய் பறிக்கச் செல்லும் பெண்மக்கள் ஆவணியில் வீட்டை விட்டிறங்கிச் சிங்ஙத்தில் வேலை செய்து மீண்டும் ஆவணிக்கே திரும்பி வருகின்றனர். ஞாயிறு ஒன்று, அது நிற்கும் இராசி ஒன்று, பெயர் மட்டும் இரண்டு. பெயரோடு வேற்றுமை முடிந்துவிடுவதுமில்லை. ஞாயிறு ஓர் இராசியினின்று மறு இராசிக்குப் புகும் வேளையைச் சங்கிரமம் என்கிறோம். அது பொழுது சாய்வதற்குள் நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது நம் பக்கத்து வழக்கு. மலையாள வழக்கிலோ பகல் முப்பது நாழிகையில் பதினெட்டு நாழிகைக்குள் நிகழ்ந்தால்தான் அன்று மாதம் பிறக்கும், பிந்தினால் மறுநாள். ஆகவே பிற்பகலில் சங்கிரமம் விழும் மாதங்களில் இம்மலையின் கிழக்கே முதல் தேதியாயிருக்கும் நாள், மேற்கே கடந்த மாதத்தின் கடைசி நாளாயிருக்கும். ஒரு சாலையின் இருபுறத்தும் இருவேறு தேதி! இதனால் எவர்க்கும் கூலி குறைந்ததுமில்லை, விழா தடைப்பட்டதுமில்லை. வாழ்கின்ற காலத்தில் இவ்வேற்றுமைகள் துன்பம் செய்வதில்லை. ஏனெனில், கேட்டால் சொல்லுதற்கு மனிதர் உளர். கேட்பதற்கு மனிதர் இல்லாத காலம் வரும்போதுதான் இடர் தொடங்குகிறது. கல் நாட்டுவது அந்தக் காலத்தை எண்ணித்தானே!

இதனை விளக்க, நம் பாண்டிநாட்டிலேயே நிகழ்ந்த பழைய குடமுழுக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடை அருகில் யானை படுத்தாற்போலக் கிடக்கும் ஆனைமலையை அன்பர்கள் பலர் கண்டிருப்பர். அம்மலையைக் குடைந்து நரசிங்கப் பெருமானுக்குக் கோயில் எடுத்தவன் மாறன் காரி என்பவன். பராந்தக நெடுஞ்சடையன் என்னும் பாண்டியனுக்கு உத்தரமந்திரியாக இருந்தவன். மதுரகவி என்னும் சிறப்புப் பெயருடையவன். திருநெல்வேலிப் பக்கத்துக் கரவந்தபுரத்தைச் சேர்ந்த வைத்தியக் குலத்தான். கற்றளி முடிந்தது, ஆனால் குடமுழுக்கு நிகழுமுன் அவன் வாழ்வு முடிந்துவிட்டது. அவன் தம்பி மாறன் எயினன் அவ்வமைச்சுப் பதவியை ஏற்று, முகமண்டபமும் செய்து, தமையன் விட்டுச் சென்ற பணியை நிறைவேற்றினான். வட்டெழுத்தில் அமைந்த தமிழ்க் கல்வெட்டு இதனைக் கூறுகிறது. குடமுழுக்கைக் குறிக்க அக்கல்வெட்டு ஆளும் சொல் 'நீர்த்தெளித்தல்'. எவ்வளவு எளிய, தண்ணென்ற சொல்! நாம் இன்று நீட்டி முழக்கிக் கூறும் பெயர்களையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதன் அருகிலேயே வடமொழியில் கிரந்த எழுத்தில் மற்றொரு கல்வெட்டு உளது. பெருமானை எழுந்தருளுவித்த நாளை அது குறிக்கிறது: கலியுகத்தில் மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்தோர் ஆண்டுகள் சென்றபின், கார்த்திகை மாதத்து ரேவதி நாள். அண்ணன் காணாது போன அந்த நாளைத் தம்பி கல்லில் நிறுத்திவிட்டான். அரசன் பெயரும் அரசாண்டும் மட்டும் கூறி நிறுத்தியிருந்தால், 'எந்த நெடுஞ்சடையன், எப்போது?' என்று நாம் இன்றும் இருளில் தடவிக்கொண்டிருப்போம். 'கலி 3871' என்னும் ஓர் எண் அவ்விருளை நீக்கிற்று.

இனி, அந்த ஓர் ஆண்டுக்கு எத்தனை பெயர் என்று காண்போம்.

கலியுகம் தொடங்கியது கி.மு. 3102 பிப்பிரவரியில் என்பது நம் வானநூலார் கணக்கு. கலியில் 3600 ஆண்டுகள் சென்றபோது தமக்கு வயது 23 என்று ஆரியபட்டர் தம் நூலிலே குறித்தாரன்றோ? அது கி.பி. 499. இதனின்று ஒரு விதி கிடைக்கிறது: சென்ற கலியாண்டிலிருந்து 3101 கழித்தால், சித்திரை முதல் மார்கழி வரையில் கி.பி. ஆண்டு வரும். 3102 கழிக்காமல் 3101 கழிப்பது ஏன் என்று மாணவர் கேட்பதுண்டு. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, இடையே சுழியாண்டு என ஒன்று வைக்கப்படவில்லை. அந்தச் சுழி இல்லாமையே ஒன்று குறைவதற்குக் காரணம். 3871-இல் 3101 போனால் 770. ஆகவே ஆனைமலைப் பெருமான் எழுந்தருளியது கி.பி. 770 ஆம் ஆண்டின் கார்த்திகையில்.

அதே ஆண்டைச் சகர் கணக்கில் எண்ணுவோர் 692 என்பர். கலிக்கும் சகத்துக்கும் இடைவெளி 3179. வடநாட்டு விக்கிரம சகாப்தத்தில் அது 827. நம் அரசினர் வழங்கும் திருவள்ளுவர் ஆண்டைப் பின்னோக்கிச் செலுத்தினால், ஏசு ஆண்டோடு 31 கூட்டி, 801. ஈழத்துப் பௌத்தர் கணக்கில் 1314. யூதர் கணக்கில், அந்த இலையுதிர்காலத்தில் பிறந்த 4531. பாக்தாது நகரில் அப்போது கலீபாவாக இருந்தவர் அல்மன்சூர். அந்நகரை 762-இல் நிறுவியவரும் அவரே. அவருடைய எழுத்தர்கள் தம் ஏடுகளில் ஹிஜ்ரி 153 என்று எழுதினர். பிறையைக் கொண்டு எண்ணும் அக்கணக்கில் ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்களே. ஆதலின் அது ஞாயிற்றாண்டோடு எந்நாளும் ஒட்டி ஓடுவதில்லை. எனினும் ஹிஜ்ரி 153 பிறந்தது 770 ஜனவரி 4 ஆம் நாள். அவ்வாண்டு மட்டும் இரண்டும் ஏறத்தாழக் கைகோத்து நடந்தன. சீனத்திலோ தாங் குலத்துப் பேரரசன் சூட்டிய 'தா-லி' என்னும் ஆண்டுப் பெயரின் ஐந்தாம் ஆண்டு; அவர்களுடைய அறுபதாண்டு வட்டத்தில் நாயின் ஆண்டு. அந்நாட்டுப் பெரும்புலவர் தூ ஃபூ மறைந்ததும் அவ்வாண்டிலேதான். ஆனைமலையில் உளியோசை அடங்கிய ஆண்டும், சீனத்தில் அப்புலவர் நா அடங்கிய ஆண்டும் ஒன்று என்பதை நாம் அறிவது எதனால்? இருநாட்டாரும் எண்ணை விட்டுச் சென்றதனால்.

கொல்லம் ஆண்டில் அதற்கு எண் யாது என்று மலைமேலிருந்து வந்த அன்பர் கேட்பார். எண் இல்லை, கொல்லம் அப்போது பிறக்கவே இல்லை. அது பிறந்தது கி.பி. 825-இல், ஆனைமலைக் குடமுழுக்குக்கு 55 ஆண்டு பின்னர். அது தோன்றிய காரணம் பற்றிக் கருத்துகள் பல. கொல்லம் நகர் அமைந்ததன் நினைவு என்பார் ஒரு சாரார். 'மனோன்மணியம்' பாடிய சுந்தரம் பிள்ளையவர்கள் வேறு வழியிற் சென்றார்: வடபுலத்தில் வழங்கிய சப்தரிஷி ஆண்டில் நூற்றுக்கணக்கை விட்டுவிட்டு எஞ்சிய ஒன்று, இரண்டு என்று எண்ணிவந்த வழக்கே கொல்லமாயிற்று என்பது அவர் துணிபு. எண்களைப் பார்த்தால் அது பொருந்தவே செய்கிறது. 825 என்பது சப்தரிஷியில் நூறு முடிந்து புதிதாக எண்ணத் தொடங்கும் இடம். எதுவாயினும் ஆகுக. ஆயிரத்திருநூறு ஆண்டுகளாக இடையறாது எண்ணப்பட்டு வரும் கணக்கு கொல்லம். திருவிதாங்கூர் ஆவணங்களில் மட்டுமன்றித் திருநெல்வேலிச் சீமைக் கோயிற் கற்களிலும் அது காணப்படுகிறது. அதனை அயலார் கணக்கென்று தள்ளுதல் வரலாறு அறியாமை.

இனிப் பெயருக்கு வருவோம். நம் பெரியவர் விரும்பிய விசுவாவசு அறுபதில் முப்பத்தொன்பதாம் பெயர். பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது பெயர்களையும் குழந்தைப் பருவத்தில் உருப்போட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அவற்றின்மீது எனக்குப் பற்று மிகுதி. ஆயினும் உண்மையைக் கூறத்தான் வேண்டும். எண் இல்லாத பெயர் அறுபது ஆண்டுக்குமேல் சான்றாக நில்லாது. நம் நாட்டுச் சிற்றூர்க் கோயில்கள் பலவற்றில் 'விளம்பி வருஷம் தை மாதம் இன்னார் உபயம்' என்று மட்டும் பொறித்த கற்களைக் காணலாம். எந்த விளம்பி? 2018-இல் பிறந்ததா, 1958-இல் பிறந்ததா, 1898-ஆ, 1838-ஆ? எழுத்தின் வடிவைப் பார்த்து ஊகிக்கலாம்; கல்லின் தேய்வைப் பார்த்து ஊகிக்கலாம். தம் பொருளை வாரி வழங்கிய அந்த இன்னார் நம் பாட்டனாரா, பாட்டனாருக்குப் பாட்டனாரா என்பதைத் துணிந்து சொல்ல இயலாது. அந்த ஐயத்தைப் பயன்படுத்திக்கொண்டு ஊர்ப்பெருமை பேசுவோர் இரண்டு வட்டம் கூட்டி எண்ணிவிடுவதும் உண்டு. அது பக்தியின்பாற் படாது.

இன்னுமொரு நுட்பம் உளது. இவ்வறுபது பெயர்களும் முதலில் வியாழன் என்னும் கோளின் நடையை ஒட்டி அமைந்தவை. வியாழன் ஓர் இராசியைக் கடக்கும் காலம் ஒரு பெயர்; ஐந்து முறை வான்வட்டத்தைச் சுற்றி வந்தால் அறுபது. ஆனால் ஓர் இராசியைக் கடக்க அதற்கு ஆகும் காலம் ஞாயிற்றாண்டினும் நான்கு நாளளவு குறைவு. ஆகவே எண்பத்தைந்து ஆண்டுக்கொருமுறை ஒரு பெயரைத் தள்ளிவிட்டு அடுத்த பெயருக்குத் தாவுதல் வேண்டும். வடநாட்டார் இன்றும் அவ்வாறே தள்ளி வருகின்றனர். தென்னாட்டிலோ சகம் 828-ஐ, அதாவது கி.பி. 906-ஐ ஒட்டித் தள்ளும் வழக்கம் நின்றது. அன்று முதல் ஆண்டுக்கொரு பெயர் என்று நேரே எண்ணி வருகிறோம். இதன் விளைவு யாது? அன்று வேறுபாடு ஒரு பெயர். இன்று பதினான்கு பெயர். 2025 சித்திரையில் நமக்கு விசுவாவசு பிறந்தது. காசியில் அவ்வாண்டைச் சித்தார்த்தி என்றனர். காசிக்குச் சென்ற நம்மவர் அங்குள்ள பஞ்சாங்கத்தைக் கண்டு அச்சுப்பிழை என்று எண்ணினால் வியப்பில்லை.

ஆனைமலை ஆண்டுக்கு இதனைப் பொருத்திப் பாருங்கள். இன்றைய நம் முறையில் பின்னோக்கி எண்ணினால் 770-க்குரிய பெயர் சாதாரண. 770-உடன் அறுபதின் மடங்காகிய 1260 கூட்டினால் 2030. அப்போது பிறக்கவிருப்பது சாதாரண ஆண்டே. ஆனால் வியாழன் நடையை நூல்விதிப்படி கணக்கிட்டால் அவ்வாண்டின் தொடக்கத்தில் வழங்கியிருக்கவேண்டிய பெயர் அதற்கு முந்திய சௌமிய. ஆகவே மாறன் எயினன் வெறும் பெயரை மட்டும் பொறித்துச் சென்றிருப்பானாயின், நாம் அறுபதுகளை மட்டுமன்றி அந்த ஒன்றையும் வைத்துக்கொண்டு மல்லாடியிருப்போம். அவன் எண்ணைப் பொறித்தான், நம்மைக் காத்தான்.

எண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. 'சென்ற ஆண்டு' என்பதும் 'நடக்கும் ஆண்டு' என்பதும் வேறு வேறு. ஒரு குழந்தைக்கு மூன்று வயது நிரம்பிவிட்டது என்றாலும், நாலாம் வயது நடக்கிறது என்றாலும் குழந்தை ஒன்றுதான். நம் முன்னோர் கலியையும் சகத்தையும் பெரும்பாலும் நிரம்பிய கணக்கில் எழுதினர். கொல்லத்தையும் ஏசு ஆண்டையும் நடக்கும் கணக்கில் எழுதுகிறோம். ஆனைமலைக் கல் 'சென்றபின்' என்று தெளிவாகக் கூறுகிறது. ஆதலால் 3871 சென்றது, 3872 நடந்தது. அந்த ஒரு சொல் இல்லையேல் 769 என்பார் சிலர், 770 என்பார் சிலர்.

இவ்வேறுபாடு கற்றறிந்தார் நாடுகளையே பிரித்திருக்கிறது. புத்தர் பரிநிர்வாணம் அடைந்து 2500 ஆண்டு நிறைந்ததென்று 1956 வைகாசியில் இந்தியாவும் இலங்கையும் பர்மாவும் பெருவிழா எடுத்தன. தாய்லாந்து நாட்டினர் அடுத்த ஆண்டாகிய 1957-இல் எடுத்தனர். தொடக்க ஆண்டை ஒன்று என்று எண்ணுவதா, நிறைந்தபின் ஒன்று என்று எண்ணுவதா என்பதே வேற்றுமை. புத்தர்பிரான் இருவர்க்கும் ஒருவரே.

நாயக்கர் காலத்துத் தமிழ்க் கற்களில் இதற்கு ஓர் அழகிய தீர்வு உண்டு. 'சகாப்தம் இன்ன எண் மேல் செல்லாநின்ற இன்ன வருஷம்' என்று எழுதுவர். எண், நிரம்பிய ஆண்டுக்கு. அதன்மேல் செல்லாநின்ற பெயர், நடக்கும் ஆண்டுக்கு. சகம் 1545-இன் மேல் செல்லாநின்றது ருத்ரோத்காரி, அது கி.பி. 1623. கல் சிதைந்து எண்ணில் ஒரு தானம் போய்விட்டாலும் பெயர் அதனை மீட்டுத் தரும். பெயர் சிதைந்தால் எண் மீட்டுத் தரும். ஒன்றுக்கொன்று காவல். எண்ணும் பெயரும் சேர்ந்து வழங்கிய காலத்தில் பெயரின் பெருமையும் சிறந்து நின்றது என்பதே என் கருத்து.

அரசாண்டு ஒன்றையே நம்பியதால் நேர்ந்த இடரையும் கூறவேண்டும். அதற்கு வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. இம்மலையினின்று இறங்கினால் அடையும் சின்னமனூரிலே பாண்டியர் செப்பேடுகள் கிடைத்தன. பாண்டியர் குடிவழியையும், மதுரையில் சங்கம் வைத்ததையும், மாபாரதம் தமிழ்ப்படுத்தியதையும் கூறும் பெருமை வாய்ந்த ஏடுகள் அவை. பெரிய செப்பேட்டின் காலம் எப்படிக் குறிக்கப்பெற்றுள்ளது தெரியுமா? இராசசிம்ம பாண்டியனுக்கு 'இரண்டாவதின் எதிர் பதினான்காம் ஆண்டு'. இரண்டும் பதினான்கும் கூட்டிப் பதினாறு என்று கொள்வர் அறிஞர். பதினாறு என்பது எதனின்று எண்ணிய பதினாறு? செப்பேடு கூறவில்லை. அக்காலத்தார்க்கு மன்னன் முடிசூடிய நாள் நினைவிலிருந்தது. எழுத வேண்டுவதில்லை என்று எண்ணினர் போலும்.

இக்குறையை நீக்கியது பழனிக்கு அண்மையிலுள்ள ஐவர்மலைக் கல்வெட்டு. பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் ஒரு சமணத் துறவி புதுக்கிய செய்தியைக் கூறும் சிறு கல்வெட்டு அது. அதில் சகம் எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்றும், வரகுண பாண்டியனுக்கு எட்டாம் ஆண்டு என்றும் இரண்டும் சேர்த்து எழுதப்பட்டுள்ளன. சகம் 792 கி.பி. 870, அது எட்டாம் ஆண்டானால் வரகுணன் அரசேறியது 862-ஐ ஒட்டி. இந்த ஒரு முளையை அறைந்தபின்னரே முற்காலப் பாண்டியர் வரிசை அதில் கட்டுண்டு நின்றது. ஒருபுறம் ஆனைமலையின் 770, மறுபுறம் ஐவர்மலையின் 870. நூறாண்டு இடைவெளியில் இரு முளைகள். நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆண்டில் வெளிவந்த வேள்விக்குடிச் செப்பேட்டுக்குக் காலம் கணிப்பதும், சின்னமனூர்ச் செப்பேட்டைப் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைப்பதும் இவ்விரு முளைகளின் துணையால்தான். வேள்விக்குடி அறத்துக்கு ஆணத்தியாய் நின்றவனும் நம் மாறன் காரியே என்பது கூடுதல் இன்பம். ஒரு பெருமாள் கோயிற் கல்லும் ஒரு சமணக் குன்றின் கல்லும் சேர்ந்து மீனாட்சி ஆளும் மதுரையின் அரசர் வரிசையைக் காப்பாற்றின. சமயம் பற்றிப் பூசலிடுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

மாறன், காரி, மதுரகவி என்னும் பெயர்கள் காதில் விழுந்தவுடனே வைணவ அன்பர்களுக்கு நம்மாழ்வாரும் அவர்தம் சீடரும் நினைவுக்கு வருவர். கல்வெட்டறிஞர் சிலரும் அவ்வாறு இயைத்து ஆழ்வார் காலத்தை 770-ஐ ஒட்டிக் கொண்டுவந்தனர். குருபரம்பரையோ ஆழ்வார் அவதரித்தது கலி பிறந்து 43 ஆம் நாள் என்று ஓதும். பெயர் ஒற்றுமை மட்டும் கொண்டு பெரியோர் காலத்தை நிறுவுதல் எனக்கு உடன்பாடன்று. பரம்பரைக் கூற்றைக் கல்வெட்டுப் போல் அளந்து பார்ப்பதும் உடன்பாடன்று. அவ்வழக்கை அங்கேயே நிறுத்தி மேலே செல்கிறேன்.

இரண்டு கணக்கைச் சேர்த்து எழுதும் அறிவு நம் நாட்டில் பழமையானது. கன்னட நாட்டு ஐகொளையில் இரண்டாம் புலிகேசியின் புகழைப் பாடிய இரவிகீர்த்தி, தான் எடுப்பித்த சமணக் கோயிலின் காலத்தைப் பாரதப் போருக்குப் பின் 3735 என்றும், சகர் கணக்கில் 556 என்றும் இருவகையாற் குறித்தான். 3735-இல் 556 கழியுங்கள்: 3179. 2025 சித்திரையில் தொடங்கிய ஆண்டுக்குச் சென்ற கலி 5126, சகம் 1947. கழியுங்கள்: 3179. புலிகேசி காலத்துப் புலவன் கணக்கும், போடிக் கடைத்தெருவில் வாங்கும் பஞ்சாங்கமும் ஓரெண்ணும் பிசகாமல் ஒத்து நிற்கின்றன! பதின்மூன்று நூற்றாண்டுக்கு மேலாக எத்தனை போர், எத்தனை பஞ்சம், எத்தனை அரசு மாற்றம். அத்தனைக்கும் இடையில் ஊர்தோறும் யாரோ ஒருவர் ஆண்டுக்கு ஒன்று கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இரண்டோடு நில்லாமல் நான்கு கணக்கைச் சேர்த்த கல்லும் உண்டு. கூர்ச்சரத்துச் சோமநாதபுரத்தில், ஓர்மசு நாட்டிலிருந்து வந்த நூருதீன் பிரோசு என்னும் கப்பல் வணிகர் ஒரு பள்ளிவாசல் கட்டினார். அருச்சுனதேவன் என்னும் வாகேல மன்னன் காலம். அதற்காகப் பொறித்த வடமொழிச் சாசனம் ஹிஜ்ரி 662, விக்கிரமம் 1320, வலபி 945, சிம்மம் 151 என்று நான்கையும் வரிசையாகக் கூறுகிறது. அது கி.பி. 1264 மே மாதம். சித்திரையில் ஆண்டு தொடங்கும் வடநாட்டுக் கணக்கில் அப்போது விக்கிரமம் 1321 பிறந்திருக்கும். சாசனம் 1320 என்கிறது. கூர்ச்சரத்தார்க்குத் தீபாவளிக்கு மறுநாள்தான் புத்தாண்டு. மற்ற மூன்று எண்களும் துணைநின்றமையால் இந்த ஒன்றின் வேறுபாடும் விளங்கிற்று. எழுதியவன் தன் ஊரார்க்கு மட்டும் எழுதவில்லை. கடல் கடந்து வந்தவரும் படிக்க வேண்டும் என்று எழுதினான். மலைகடந்து வருவோர் நிறைந்த இவ்வூர்க்கு அவன் நல்ல வழிகாட்டி.

விடுதலைக்குப்பின் இந்திய அரசினர் மேகநாத சாகா தலைமையில் ஒரு குழு அமைத்தனர். நாட்டில் ஏறத்தாழ முப்பது பஞ்சாங்க முறைகள் வழங்குவதை அக்குழு கண்டது. அதன் பயனாக 1957 மார்ச்சு 22-இல் சகம் 1879, சைத்திரம் முதல் நாளாகத் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. வானொலியிலும் அரசிதழிலும் அது வாழ்கிறது. கோயிலுக்குள் அது புகவில்லை. புகவேண்டும் என்று நான் வற்புறுத்தவுமில்லை. முப்பதையும் ஒன்றாக்கி விடுவதினும், ஒன்றை மற்றொன்றால் படிக்கும் அறிவு மக்களிடையே பரவுவது நன்று.

இனி நம் கல்லுக்கு வருகிறேன். ஒரு சிறு எச்சரிக்கை. நம் குடமுழுக்கு தை மாதத்தில் நிகழ்கிறது. ஆங்கில ஆண்டு ஜனவரியில் மாறிவிட்டது. தமிழாண்டு சித்திரை வரை மாறாது. ஆகவே சகத்தோடு 78 கூட்டும் வாய்பாடு இப்போது பொருந்தாது; தை, மாசி, பங்குனியில் 79 கூட்டவேண்டும். திருப்பணிக் குழுவினர் எனக்குக் காட்டிய வரைவில் இம்மூன்று மாதத்துக்குரிய திருத்தம் செய்யப்பெறாது, சகம் 1948 என்று இருந்தது. சிற்பியார் உளி தொடுமுன் 1947 என மாற்றிக்கொள்வாராக. வள்ளுவர் ஆண்டு தை முதல் நாளிலேயே பிறந்துவிடுதலின் அதற்கு 2057.

ஆகவே நான் முன்வைக்கும் வரிகள் இவை: கலியுகம் 5126 சென்றது, சகம் 1947-இன் மேல் செல்லாநின்ற விசுவாவசு ஆண்டு, தைத் திங்கள், கொல்லம் 1201, மகரம், திருவள்ளுவர் ஆண்டு 2057, கி.பி. 2026. இவற்றோடு கிழமையும் நாண்மீனும் திதியும் பொறிக்கப்பெறுதல் வேண்டும். ஆண்டில் ஐயம் எழுந்தால் அம்மூன்றையும் வைத்து வானநூலார் நாளையே கண்டுபிடித்துவிடுவர். பெரியவர், மலைநாட்டு அன்பர், இளைஞர் மூவர் விருப்பமும் இதில் அடங்கும். கல் கொஞ்சம் அகலமாக வேண்டும் என்று சிற்பியார் கூறுகிறார். அதற்காகும் பொருளைத் தாம் ஏற்பதாக அந்த மலைநாட்டு அன்பரே சற்றுமுன் என்னிடம் தெரிவித்தார்.